பாதி காலியான டிஸ்க்கில் இடமில்லையாம்: 9.6 லட்சம் குட்டி ஃபைல்களோடு ஒரு வாரம்

டெர்மினலில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வந்து நின்றது. நம்பவில்லை. அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே பதில். 4 டிபி ஹார்ட் டிஸ்க், மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் காலி என்கிறது, ஆனால் ஒரு காலி ஃபைலைக்கூட உருவாக்க விடமாட்டேன் என்கிறது. டிஎஃப் கட்டளைக்கு மைனஸ் ஐ சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கே அரைமணி நேரம் ஆனது. பார்த்தால் ஐநோடு 100 சதவீதம் தீர்ந்துபோயிருக்கிறது. (ஐநோடு என்பது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் வைத்திருக்கும் பதிவுச்சீட்டு. சீட்டு தீர்ந்தால் புது ஃபைல் கிடையாது.)

என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கிற டெசராக்ட் என்ற மென்பொருளைப் பழைய அச்சு எழுத்துகளுக்குப் பழக்குகிற வேலை. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கங்கள் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்கப்பட்ட எழுத்தோடு கிடைக்கின்றன. பக்கத்தை வரிவரியாக நறுக்கி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பிஎன்ஜி படம், அந்த வரியின் எழுத்து அடங்கிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல் என்று ஜோடி ஜோடியாக வைத்தால் போதும், மிச்சத்தைப் பயிற்சிக்கான கருவியே பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளும் என்றால், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பாக்ஸ் ஃபைலும் ஒரு எல்எஸ்டிஎம்எஃப் ஃபைலும் தானே உருவாக்கிக்கொள்ளும். ஆக வரிக்கு 4 ஃபைல். பக்கத்துக்குச் சராசரி 30 வரி, சுமார் 8,000 பக்கம், 2.4 லட்சம் வரி, பெருக்கினால் 9.6 லட்சம் ஃபைல், அத்தனையும் ஒரே ஃபோல்டரில். ஃபைல் மேனேஜரில் அந்த ஃபோல்டரைத் தெரியாத்தனமாக கிளிக் செய்துவிட்டால் போய் காபி போட்டுவிட்டு வரலாம்.

அந்த டிஸ்க்கில் மொத்தம் எத்தனை ஐநோடு? 9 லட்சத்து 53 ஆயிரத்துச் சொச்சம். 9.6 லட்சம் ஃபைலைத் திணிக்கப் பார்த்தேன், கடைசி கொஞ்சத்தில் முட்டிக்கொண்டது.

4 டிபி டிஸ்க்குக்கு இவ்வளவு குறைவான ஐநோடு எப்படி வந்தது என்று கேட்டால், குற்றவாளி நான்தான். லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 சாதாரணமாக 16 கேபி இடத்துக்கு ஒரு ஐநோடு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடும், ஒவ்வொன்றும் 256 பைட். 4 டிபிக்குக் கணக்குப் போட்டால் ஐநோடு அட்டவணை மட்டுமே 62 ஜிபி தின்றுவிடும். சில வருஷங்களுக்கு முன் இந்த டிஸ்க்கை வாங்கியபோது படமும் வீடியோவும்தானே போடப்போகிறோம், எதற்கு 62 ஜிபி தண்டமாக என்று, ஃபார்மட் செய்யும்போதே 'லார்ஜ்ஃபைல்4' என்ற வகையைக் கொடுத்துவிட்டேன். அது 4 எம்பிக்கு ஒரு ஐநோடு. அப்போது பெருமையாக இருந்தது. எக்ஸ்ட்4-இல் இந்த விகிதத்தை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், பிறகு மாற்ற முடியாது, திரும்ப ஃபார்மட் செய்தால்தான் உண்டு. ஒன்றும் கொடுக்காமல் சும்மா ஃபார்மட் செய்திருந்தால் 24 கோடி ஐநோடு கிடைத்திருக்கும்!

சரி, எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அப்போது குட்டி ஃபைல்களுக்கு எது வேகமோ அதையே போட்டுவிடலாம் என்று நண்பனைக் கேட்டேன். "டேய், எக்ஸ்எஃப்எஸ் போடு, வேற எதையும் யோசிக்காத" என்றான், அது இன்னொரு ஃபைல் சிஸ்டம். ஏன் என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. தேடினால் கிடைக்கிற பழைய குறிப்புகள் எல்லாம் ரைசர்எஃப்எஸ் ரைசர்எஃப்எஸ் என்று ஜெபிக்கின்றன. ஒரு காலத்தில் அது நியாயமான பதில்தான், குட்டி ஃபைல்களையும் பெரிய ஃபைல்களின் வால்துண்டுகளையும் ஒரே பிளாக்கில் (ஃபைல் சிஸ்டம் இடம் ஒதுக்குகிற சின்னக் கட்டம்) சேர்த்து அடைத்துவிடும், 2001-இல் லினக்ஸ் 2.4.1 கர்னலில் சேர்ந்தபோது அந்த வித்தைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் 2022-இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, 6.13 கர்னலில் மொத்தமாகவே தூக்கிவிட்டார்கள். இன்று அதில் டேட்டா போடுவது இடிக்கப்போகிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி.

முதலில் இருப்பதைப் பத்திரப்படுத்த வேண்டும். டார் போட்டு எஸ்எஸ்டியில் ஒரே ஃபைலாக எடுத்து வைக்கலாம் என்று ஓட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, டிஸ்க் கரகரவென்று அரைக்கிறது. ஃபைல்களின் உள்ளடக்கம் எல்லாம் சேர்த்தே சுமார் 3 ஜிபிதான் ஐயா! (டிஸ்க்கில் அது கிட்டத்தட்ட 6 ஜிபி பிடிக்கும், ஏனென்றால் 150 பைட் உள்ள டெக்ஸ்ட் ஃபைலுக்கும் 4 கேபி பிளாக் ஒன்று போகிறது. இதற்காக 1 கேபி பிளாக் வைக்கலாமா என்று கொஞ்சநேரம் யோசித்தேன், 3 ஜிபி மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறேன் என்று விட்டுவிட்டேன்.) 3 ஜிபி வீடியோ என்றால் அரை நிமிஷத்தில் நகர்ந்துவிடும்.

ஏன் இத்தனை நேரம் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிற டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும், வேண்டிய இடம் படிக்கும் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 சொச்சம், அதோடு தலை நகர்ந்து போகிற நேரம் 8 மில்லிசெகண்ட் சுமாருக்கு. மொத்தம் 12 என்று வைத்தால் செகண்டுக்கு 80 தாவல். 9.6 லட்சம் ஃபைலுக்கு ஆளுக்கொரு தாவல் என்றாலே 3 மணி நேரத்துக்கு மேல், ஐநோடைப் படிக்க ஒன்று டேட்டாவைப் படிக்க ஒன்று என்றால் அதற்கும் இரட்டிப்பு. ஃபைல் சிஸ்டம் எதுவாக இருந்தாலும் இந்தத் தாவலைக் குறைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது, அதுவரை பெயரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

இங்கே என் லார்ஜ்ஃபைல்4 இன்னொரு வேலையும் செய்திருந்தது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எக்ஸ்ட்4 டிஸ்க்கை 128 எம்பி குழுக்களாகப் பிரிக்கும், 16 குழுவைச் சேர்த்து 2 ஜிபி கூட்டுக் குழுவாக வைத்துக்கொள்ளும், ஐநோடுக்குப் பக்கத்திலேயே அதன் டேட்டாவையும் வைக்கப் பார்க்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் 4 எம்பிக்கு ஒரு ஐநோடு என்றால் 128 எம்பிக்கு 32 ஐநோடு, 2 ஜிபிக்கு 512. அதாவது 512 ஃபைல் வைத்ததும் அந்த 2 ஜிபி பகுதியில் ஐநோடு தீர்ந்து, அடுத்த 2 ஜிபிக்கு நகர வேண்டும். ஊர் முழுக்கத் தெருவுக்கு ஒரு வீடு வாடகைக்கு எடுத்து ஒரே குடும்பத்தைக் குடிவைத்த மாதிரி, 6 ஜிபி சரக்கை 4 டிபி தட்டு முழுக்கத் தூவி வைத்திருந்தது. சாதாரண ஃபார்மட்டில் அதே 2 ஜிபிக்கு 1,31,072 ஐநோடு, 9.6 லட்சம் ஃபைலும் எட்டுக் கூட்டுக் குழுவுக்குள், 16 ஜிபி பரப்புக்குள் அடங்கிப்போயிருக்கும். தலை கொஞ்சதூரம் அசைந்தால் போதும்.

அப்புறம் வரிசை. எக்ஸ்ட்4 ஃபோல்டரில் உள்ள பெயர்களை ஒரு ஹாஷ் மரத்தில், அதாவது பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணின்படி, வைத்திருக்கிறது, குறிப்பிட்ட பெயரைத் தேடுவதற்கு அது அருமை, ஆனால் ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் ஹாஷ் வரிசையிலேயே கொடுக்கும், டிஸ்க்கில் இருக்கிற வரிசைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டார் கொடுத்த வரிசையிலேயே படித்துக்கொண்டு போகிறது, தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைகிறது. டாரை நிறுத்திவிட்டு, மைனஸ் மைனஸ் சார்ட் ஈக்வல் ஐநோடு என்ற ஒரு தேர்வைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன் (டார் 1.28-இலிருந்து இருக்கிறது, எனக்குத்தான் தெரியாது). ஐநோடு எண் வரிசையில் படித்ததால் தலை ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனது. இரவு முழுக்க முடியாதது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. இத்தனைக்கும் சரக்கு இன்னும் 4 டிபி முழுக்கத் தூவியேதான் கிடந்தது.

பழைய 1 டிபி டிஸ்க் ஒன்று அலமாரியில் இருந்தது, சோதனைக்கு அதை எடுத்தேன். மூன்று பார்ட்டிஷன் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைல் சிஸ்டம் என்று ஆரம்பித்து, அது சரியில்லை என்று கலைத்தேன். ஹார்ட் டிஸ்க்கின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட வேகம், முதல் பார்ட்டிஷனில் இருப்பவர் பந்தயத்தில் பத்தடி முன்னால் நின்று ஓடுகிற ஆள். எனவே ஆரம்பத்தில் 200 ஜிபி பார்ட்டிஷன் ஒன்றே ஒன்று, அதையே திரும்பத் திரும்ப எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பட்டர் எஃப்எஸ் என்று ஃபார்மட் செய்வது. வேலை நாலு: எஸ்எஸ்டியில் இருக்கும் டாரைப் பிரித்துக் கொட்டுவது (கடைசியில், மெமரியில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளும் சிங்க் கட்டளை முடியும்வரை நேரம் எண்ண வேண்டும், இல்லையென்றால் மெமரியில் எழுதியதையே முடிந்துவிட்டது என்று சொல்லும்), ஃபோல்டர் கொடுக்கிற வரிசையில் எல்லாவற்றையும் படிப்பது, கலைத்துப் போட்ட பட்டியலின்படி படிப்பது, அழிப்பது. கலைத்துப் போட்டது ஏன் என்றால், பயிற்சி ஓடும்போது வரிகளைக் கலைத்துத்தான் எடுக்கும்.

முதல் சுற்றில் எக்ஸ்ட்4 படிப்பது மின்னல் வேகம். சந்தோஷப்பட்டு நண்பனுக்கு ஸ்கிரீன்ஷாட் வேறு அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், பெரும்பகுதி மெமரியிலிருந்தே வந்திருக்கிறது, டிஸ்க் விளக்கு எப்போதாவதுதான் சிமிட்டுகிறது. ஒவ்வொரு படிப்புக்கும் முன்னால் டிராப் கேஷஸ் என்ற இடத்தில் 3 என்று எழுதிக் கேஷைக் காலி செய்தால்தான் கணக்கு. காலி செய்துவிட்டு ஓட்டினால் இப்போது எக்ஸ்ட்4 நொண்டுகிறது, அதுவும் சந்தேகப்படுகிற அளவுக்கு. எதையும் ஓட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிஸ்க்கை யார் பயன்படுத்துகிறார் என்று காட்டும் ஐஓடாப் போட்டுப் பார்த்தால் 'எக்ஸ்ட்4லேஸிஇனிட்' என்று ஒருவர் பின்னால் வேலை செய்துகொண்டிருக்கிறார். எக்ஸ்ட்4-ஐ ஃபார்மட் செய்யும்போது ஐநோடு அட்டவணை முழுவதையும் அப்போதே எழுதாமல், மவுன்ட் செய்தபிறகு (பயன்பாட்டுக்கு இணைத்தபிறகு) சாவகாசமாக எழுதிக்கொள்ளும் வழக்கம் அது. ஃபார்மட் சட்டென்று முடிவதன் ரகசியமே அதுதான், கடனைப் பின்னால் அடைக்கிறது. புதிதாக ஃபார்மட் செய்த உடனே சோதித்தால் எக்ஸ்ட்4-க்கு அநியாயம். லேஸி ஐடேபிள் இனிட் என்பதற்குப் பூஜ்யம் கொடுத்து மறுபடி ஃபார்மட் செய்தேன், இந்தமுறை ஃபார்மட் கொஞ்சநேரம் எடுத்தது, சோதனை ஒழுங்காக வந்தது.

எக்ஸ்எஃப்எஸ் முறை வந்தபோது டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து மாசக்கணக்காகிறது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். திரும்ப பூட் ஆனதும் எக்ஸ்எஃப்எஸ் தன் ஜர்னலை, அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேட்டை, பார்த்துச் சில நொடியில் மவுன்ட் ஆகிவிட்டது, ஒரு புகாரும் இல்லை. ஆனால் ஃபைன்ட் கட்டளையில் காலி ஃபைல்களைத் தேடினால், கடைசியில் எழுதியவற்றில் ஒரு கொத்து பூஜ்யம் பைட்டாக நின்றன. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. இதற்கு எக்ஸ்எஃப்எஸ்ஸைத் திட்டுவது நியாயமில்லை, எக்ஸ்ட்4-இலும் இதேதான் நடக்கும். இரண்டுமே டேட்டாவுக்கு இடம் ஒதுக்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு மொத்தமாகச் செய்கின்றன, ஜர்னல் காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பை, டிஸ்க்குக்குப் போய்ச் சேராத உங்கள் எழுத்தை அல்ல. லட்சக்கணக்கில் ஃபைல் கொட்டும்போது கரண்ட் போனால், எது வந்தது எது வரவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதைவிட முழுக்க அழித்துவிட்டு மறுபடி கொட்டுவதே லேசு. அதைத்தான் செய்தேன்.

செகண்ட் கணக்கு அட்டவணை எதுவும் போடப்போவதில்லை, அலமாரியில் கிடந்த ஒரு கிழட்டு டிஸ்க்கின் நேரத்தை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஆனால் போக்கு மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தது.

ஃபோல்டர் வரிசையில் படிப்பதில் எக்ஸ்ட்4 கடைசி, அதுவும் மோசமான கடைசி. எக்ஸ்எஃப்எஸ்ஸும் பட்டர் எஃப்எஸ்ஸும் ஃபோல்டரை ஏறக்குறைய ஃபைல் உருவான வரிசையிலேயே திருப்பிக் கொடுக்கின்றன, டேட்டாவும் டிஸ்க்கில் அதே வரிசையில் கிடக்கிறது, அதனால் ஒரே ஓட்டம். நண்பன் காரணம் தெரியாமல் சொன்ன 'எக்ஸ்எஃப்எஸ் வேகம்' என்பதற்குப் பின்னால் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் எக்ஸ்ட்4-இலும் ஐநோடு எண்படி வரிசைப்படுத்திவிட்டுப் படித்தால் அந்த இடைவெளி பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. கலைத்த வரிசையில் படிக்கும்போது மூவரும் கிட்டத்தட்ட ஒன்றே, அங்கே டிஸ்க்கின் தலைதான் முதலாளி.

பட்டர் எஃப்எஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், குட்டி ஃபைலுக்கு அதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. 2,048 பைட் வரை உள்ள ஃபைலைத் தனி பிளாக்கில் வைக்காமல் மெட்டாடேட்டா (ஃபைல்களைப் பற்றிய விவரம்) மரத்துக்குள்ளேயே செருகிவிடும். என் டெக்ஸ்ட் ஃபைல், பாக்ஸ் ஃபைல் இரண்டுமே இந்த அளவுக்குள் வருபவை, பாதி ஃபைல்களுக்குத் தனியாக ஒரு தாவலே இல்லை. கூடவே ஒரு சின்ன வேடிக்கை, ஒற்றை டிஸ்க்கில் மெட்டாடேட்டாவை இரண்டு பிரதி வைப்பது அதன் இயல்பு, எனவே செருகிய டேட்டாவும் இரண்டு பிரதி ஆகிறது. டேட்டா கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் செக்சம் இருப்பதும் பிடித்திருந்தது. ஆனால் அழிக்கச் சொன்னபோது டிஸ்க் நீண்ட நேரம் அரைத்தது, மூன்றில் எனக்குப் பொறுமை போனது அங்கேதான். எக்ஸ்எஃப்எஸ் அழிப்பதில் மந்தம் என்று ஒரு பழைய பெயர் இருக்கிறது, அது 2.6.39 கர்னலுக்கு முந்தைய கதை, ஜர்னல் எழுதும் முறையை மாற்றியபிறகு என் கையில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஐநோடைத் தேவைப்படும்போது 64, 64-ஆக உருவாக்கிக்கொள்கிறது, எனக்கு நடந்த மாதிரி முன்கூட்டிய கஞ்சத்தனத்துக்கு அதில் வழியில்லை. ஒரே குறை, பிறகு பெரிதாக்கலாம், சுருக்குவது நடைமுறையில் முடியாத காரியம்.

இவ்வளவும் முடித்து ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து பார்க்கும்போதுதான் உறைத்தது: மொத்தச் சரக்கே 6 ஜிபி. சிஸ்டம் இருக்கிற 120 ஜிபி எஸ்எஸ்டியில் 20 ஜிபி காலி, அதில் சாதாரண எக்ஸ்ட்4, 70 லட்சத்துக்கு மேல் ஐநோடு. அங்கே டாரைப் பிரித்துப் போட்டு, கலைத்த பட்டியலைப் படிக்கச் சொன்னேன். தலையும் இல்லை, தட்டும் இல்லை, தாவலும் இல்லை. ஒரு வாரமாக ஹார்ட் டிஸ்க்கில் நான் துரத்திக்கொண்டிருந்த வித்தியாசங்கள் எல்லாம் அங்கே ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் கேட்டார்கள், "இதை முதல் நாளே பண்ணியிருக்கக் கூடாதா?" என்று. கூடாதா என்றால், பண்ணியிருக்கலாம்.

ஆனால் பக்கங்கள் கூடிக்கொண்டே போகும், பயிற்சி முடிந்த தொகுப்புகளை எஸ்எஸ்டியில் வைத்திருக்க முடியாது, திரும்ப ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் போக வேண்டும். போகும்போது ஃபைல் ஃபைலாகப் போக வேண்டாம் என்று, நூல்வாரியாக ஸ்குவாஷ்எஃப்எஸ் பிம்பங்களாக ஆக்கிவிட்டேன். படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது, எனக்கு அதுவே வசதி. குட்டி ஃபைல்களைச் சேர்த்து 128 கேபி பிளாக்குகளாக அடைத்துவிடுகிறது, ரைசர்எஃப்எஸ்ஸின் வித்தை வேறு உருவில். வெளியே இருந்து பார்த்தால் ஒரே ஃபைல், ஒரே ஐநோடு, காப்பி செய்தால் வீடியோ மாதிரி ஓடும், மவுன்ட் செய்தால் உள்ளே பழைய ஃபோல்டர் அப்படியே இருக்கும், எந்த ஸ்கிரிப்டையும் மாற்ற வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள், ஒரு குட்டி ஃபைலைக் கேட்டாலும் அது இருக்கிற 128 கேபி முழுவதையும் எடுத்து விரித்தால்தான் கொடுக்கும், கலைத்த வரிசையில் படித்தால் இது உறுத்தும். பிஎன்ஜி ஏற்கெனவே சுருங்கியது, அதை மறுபடி சுருக்கி ஒரு லாபமும் இல்லை என்பதால் டேட்டாவுக்கும் சேர்த்து அடைத்த குட்டித் துண்டுகளுக்கும் சுருக்கம் வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன், விரிக்கிற வேலையாவது மிச்சம்.

4 டிபி டிஸ்க்கை ஃபார்மட் செய்யவில்லை. ஸ்கேன்களும் வீடியோவும் இப்போது இந்தப் பிம்பங்களும் மட்டும் என்றால் அதற்கு லார்ஜ்ஃபைல்4 சரியான அமைப்புதான். பழைய ஃபோல்டரைக் காலி செய்ய ஆர்எம் நட்சத்திரம் என்று அடித்தேன், 'ஆர்குமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று முகத்தில் அறைந்தது, 9.5 லட்சம் பெயரை ஒரே கட்டளை வரியில் விரித்தால் வேறென்ன சொல்லும். ஃபைன்டுக்கு டெலீட் சேர்த்து ஓட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஐநோடு பயன்பாடு 1 சதவீதம். ஃபோல்டருக்குள் போய் எல்எஸ் அடித்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை, ஆனாலும் சில நொடி யோசித்துவிட்டுத்தான் ஒன்றுமில்லை என்று சொன்னது. எக்ஸ்ட்4 ஃபோல்டர் வளர்ந்தால் வளர்ந்ததுதான், ஃபைல் போனாலும் பெயர்ப்பட்டியலுக்காக வாங்கிய இடத்தைத் திருப்பித் தராது, காலி ஃபோல்டரின் அளவே பல எம்பி காட்டியது. அந்த ஃபோல்டரையும் அழித்துவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்று உருவாக்கினேன். 4 கேபி.